பாஸ்வேட் சரி, ஆனா டிஸ்க் வெறுமை எண்டு காட்டுது: ஹெடர் வெளிய இருக்கிற லினக்ஸ் பூட் ஆகாட்டி என்ன செய்யிற

திருக்கோவில் பக்கமிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறா. டெபியன் போட்ட லெப்டொப், முழு டிஸ்க்கும் லக்ஸ் (லினக்ஸ்ல டிஸ்க்கைப் பூட்டி வைக்கிற முறை) என்க்ரிப்ஷன், அதைத் திறக்கிற விபரம் இருக்கிற ஹெடரை டிஸ்க்கில வைக்காம பிரிச்சு எடுத்து பென் ட்ரைவில பூட் பார்டிஷனோட வச்சிருக்கிறா. உள்ளுக்க ஊர் ஊரா போய் ஆக்களிட்ட எடுத்த நேர்காணல் ரெக்கார்டிங், வெளிய போனா பேசின ஆக்களுக்குத்தான் கரைச்சல். போன கிழமை அப்டேட் போட்டதுக்குப் பிறகு பாஸ்வேட் கேக்குது, அடிச்சா பிழை எண்டு சொல்லல்ல, ஆனா ரூட்டை, அதாவது லினக்ஸ் இருக்கிற பகுதியை, மவுண்ட் பண்ண ஏலாம இனிட்ராம்எஃப்எஸ் (பூட் ஆகேக்க முதல் ஓடுற சின்ன சிஸ்டம்) எண்ட கறுப்புத் திரையில வந்து நிக்கிது. அக்கரைப்பற்றில ஒரு கடையில காட்டினதுக்கு டிஸ்க்கில ஒண்டும் இல்ல, ஃபோமட் அடிச்சுத் தாறன் எண்டு சொல்லியிருக்கிறாங்க.

தங்கச்சி, அந்த டிஸ்க்கை அந்தக் கடையில குடுக்காதீங்க, குடுத்திருந்தா இப்பவே போய் வாங்கிட்டு வாங்க. நீங்க எழுதினத வச்சுப் பாத்தா உங்கட டேட்டா அப்பிடியே கிடக்கத்தான் கூடுதல் வாய்ப்பு. ஹெடரைப் பிரிச்சா டிஸ்க்கில பேரும் இல்ல, யூயூஐடி எண்ட அடையாள நம்பரும் இல்ல, முதல் செக்டர்ல இருந்து கடைசி மட்டும் அர்த்தமில்லாத பைட் மட்டும்தான், அதால டிஸ்க்கில என்ன இருக்கு எண்டு காட்டுற பிஎல்கேஐடி கொமாண்டை அடிச்சா வெறுமையா வரும், விண்டோஸ்ல கொழுவினா இனிஷியலைஸ் பண்ணவா, ஃபோமட் பண்ணவா எண்டு கேக்கும், அது அப்பிடித்தான் இருக்கோணும். கோளாறு பிடிபடுற மட்டும் ஃபைல்சிஸ்டத்தைத் திருத்துற எஃப்எஸ்சிகேயை ஓட்ட வேணாம், புது ஹெடர் எழுதுற லக்ஸ்ஃபோமட் எண்ட கொமாண்டை நினைக்கவே வேணாம்.

எதுக்கும் முதல் வேற கொம்பியூட்டர்ல பென் ட்ரைவைக் கொழுவி ஹெடர் ஃபைல ரெண்டு இடத்தில கொப்பி எடுங்க. லக்ஸ் 2 எண்டா வழமையா 16 எம்பி அளவுதான், நிமிசத்தில முடியும். டிஸ்க்கைத் திறக்கிற உண்மையான கீ அந்த ஃபைலுக்குள்ளதான் இருக்கு, உங்கட பாஸ்வேட் அந்தக் கீயைத் திறக்கிறதுக்கு மட்டும்தான், ஃபைல் போனா பாஸ்வேட் தெரிஞ்சும் பிரயோசனம் இல்ல. எங்கட கடக்கரை உப்புக் காத்துக்கு பென் ட்ரைவுட மூக்கு துருப்பிடிச்சுப் போறது உங்களுக்கும் தெரியும்தானே, ஒரே ஒரு கொப்பிய நம்பி இருக்கவே கூடாது.

இனி விஷயத்துக்கு வாறன். பாஸ்வேட் சரியா எண்டு பாக்கிறது ஹெடர்ல மட்டும்தான், டிஸ்க்கைத் தொட்டே பாக்கிறதில்ல. அதால "நோ கீ அவெய்லபிள்" (பாஸ்வேட் பொருந்தல்ல) எண்ட மெசேஜ் வரல்ல எண்டா ஹெடரும் நல்லம், பாஸ்வேட்டும் சரி, ஆனா அந்தக் கீயைக் கொண்டுபோய் எந்த டிஸ்க்குக்குப் போட்டது எண்டதுதான் கேள்வி. ஹெடர் பிரிஞ்சிருக்கேக்க லினக்ஸுக்கு எது சரியான டிஸ்க் எண்டு தெரியாது, க்ரிப்ட்டேப் எண்ட செட்டிங் ஃபைல்ல நீங்க எழுதின பேரை நம்பி எதைக் காட்டினாலும் திறந்து தரும், பென் ட்ரைவைக் காட்டினா பென் ட்ரைவையே "திறந்து" குப்பை பைட்டைக் காட்டும். க்ரிப்ட்டேப்ல எஸ்டிஏ எண்டு எழுதியிருக்கிறன் எண்டு சொல்லியிருக்கிறீங்க, எனக்குச் சந்தேகம் முழுக்க அதிலதான், ஏனெண்டா எஸ்டிஏ எஸ்டிபி எல்லாம் நிரந்தரப் பேர் இல்ல, கேர்னல் எதை முதல் கண்டுபிடிக்குதோ அதுக்கு முதல் எழுத்து, கேர்னல் மாறினாலும் யூஎஸ்பி போர்ட் மாறினாலும் அந்த வரிசை மாறலாம்.

உறுதிப்படுத்துறது லேசு. அந்தக் கறுப்புத் திரையிலயே க்ரிப்ட்செட்டப் ஸ்டேட்டஸ் எண்டு அடிச்சு மெப்பிங் பேரை (திறந்த டிஸ்க்குக்கு க்ரிப்ட்டேப்ல வச்ச பேர்) குடுங்க, டிவைஸ் எண்ட வரியில எந்த டிஸ்க் எண்டும், சைஸ் எண்ட வரியில எத்தின செக்டர் எண்டும் காட்டும். ஒரு செக்டர் 512 பைட், 500 ஜிபி டிஸ்க்குக்கு கிட்டத்தட்ட 97 கோடி செக்டர் வரோணும், அங்க 6 கோடி எண்டு நிண்டா நீங்க 32 ஜிபி பென் ட்ரைவைத்தான் திறந்து வச்சிருக்கிறீங்க. அப்பிடி எண்டா க்ரிப்ட்செட்டப் க்ளோஸ் எண்டு மூடிட்டு, டெவ் ஃபோல்டருக்குள்ள டிஸ்க், அதுக்குள்ள பை-ஐடி எண்டு இருக்கிற இடத்தில பாருங்க, அங்க டிஸ்க்குட மொடலும் சீரியல் நம்பரும் சேந்த பேர் இருக்கும், அது மாறாது. அந்தப் பேரை வச்சு க்ரிப்ட்செட்டப் ஓபன் அடிங்க, ஹெடர் ஒப்ஷனும் ரீட்ஒன்லி ஒப்ஷனும் கட்டாயம் சேருங்க. பிறகு டெவ் ஃபோல்டருக்குள்ள இருக்கிற மெப்பர்ல வந்த பேருக்கு பிஎல்கேஐடி அடிங்க, ஈஎக்ஸ்டி4 (லினக்ஸ் ஃபைல்சிஸ்டம்) எண்டோ எல்விஎம் (டிஸ்க்கை வால்யூமாப் பிரிச்சு வைக்கிற முறை) எண்டோ வந்திட்டா உங்கட ரெக்கார்டிங் எல்லாம் பத்திரம். மூடிட்டு ரீட்ஒன்லி இல்லாம அதே மெப்பிங் பேரில திரும்பத் திறந்து எக்ஸிட் எண்டு அடிச்சா பூட் விட்ட இடத்தில இருந்து தொடரும். எல்விஎம் எண்டா எக்ஸிட்டுக்கு முதல் வால்யூம் குரூப்பையும் அக்டிவேட் பண்ணோணும்.

டிஸ்க் சரியா இருந்தும் பிஎல்கேஐடி வெறுமையா வந்தா ஒஃப்செட்டை, அதாவது டேட்டா தொடங்குற இடத்தை, பாருங்க. தொடக்கத்திலயே பிரிச்சு உண்டாக்கின ஹெடர் எண்டா டேட்டா வழமையா 0 பைட்ல இருந்து தொடங்கும், சாதாரணமா போட்ட லக்ஸ் 2ல இருந்து பெக்கப் எடுத்த ஹெடர் எண்டா பொதுவா 16777216 பைட்ல (16 எம்பி) தொடங்கும். ஹெடர் ஃபைலுக்கு லக்ஸ்டம்ப் எண்ட கொமாண்டை அடிச்சா ஒஃப்செட் வரியில தெரியும். உங்களிட்ட ரெண்டு மூண்டு ஹெடர் ஃபைல் கிடந்தா மாறிப் போட்டிருக்கலாம். டேட்டா முதலாம் பார்டிஷன்ல இருக்க முழு டிஸ்க்குட பேரைக் குடுத்தாலும் இதே கோலம்தான்.

இனி நிரந்தரமாச் சரிசெய்யிறது. க்ரிப்ட்டேப்ல எஸ்டிஏவை எடுத்திட்டு பை-ஐடி பேரைப் போடுங்க, அதுக்குப் பிறகு அப்டேட் இனிட்ராம்எஃப்எஸ் எண்ட கொமாண்டை ஓட்டோணும், க்ரிப்ட்டேப்பை மட்டும் மாத்தினா பூட்டுக்கு அது தெரியாது. இந்த இடத்திலதான் கனபேர் விழுறது: பென் ட்ரைவ் பூட் ஃபோல்டர்ல மவுண்ட் ஆகி இருக்கா எண்டு முதல் பாருங்க, மவுண்ட் ஆகாம ஓட்டினா புது ஃபைல் எல்லாம் என்க்ரிப்ட் பண்ணின டிஸ்க்குக்குள்ள இருக்கிற வெறும் பூட் ஃபோல்டருக்குப் போயிரும், பென் ட்ரைவில பழசே கிடக்கும், நீங்க திரும்பத் திரும்ப மாத்திப்போட்டு ஏன் மாறல்ல எண்டு முழிக்கிறதுதான். லைவ் யூஎஸ்பில (யூஎஸ்பில இருந்தே ஓடுற லினக்ஸ்) இருந்து சீரூட் போட்டு (உங்கட டிஸ்க்கில இருக்கிற லினக்ஸுக்குள்ள போய்) செய்யிறீங்க எண்டா க்ரிப்ட்டேப்ல இருக்கிற அதே மெப்பிங் பேரில டிஸ்க்கைத் திறங்க. கடைசியா இனிட்ராம்எஃப்எஸ்ஸுக்குள்ள என்ன இருக்கு எண்டு காட்டுற எல்எஸ்இனிட்ராம்எஃப்எஸ் கொமாண்டை அடிச்சு ஹெடர் ஃபைல் உள்ளுக்க வந்திருக்கா எண்டு பாருங்க, பாஸ்வேட் கேக்கிற நேரம் பூட் பார்டிஷன் இன்னும் மவுண்ட் ஆகியிருக்காது, அதால பூட்டுக்குள்ள ஹெடர் இருந்தும் கண்டுபிடிக்காது. அந்த இனிட்ராம்எஃப்எஸ் பென் ட்ரைவில மட்டும்தான் இருக்கோணும், லெப்டொப்ல ஒரு கொப்பியும் விடாதீங்க.

வேற யாருக்கும் "நோ கீ அவெய்லபிள்" வந்தா நம்லொக்கையும் கீபோர்ட் லேஅவுட்டையும் பாருங்க, அந்த நேரத்தில உங்கட செட்டிங் வேலை செய்யாமலும் இருக்கலாம். அடுத்தது ஹெடர் பழசா எண்டு பாருங்க: லக்ஸ் 2ல பாஸ்வேட் மாத்துற நேரமெல்லாம் ஹெடர்ல இருக்கிற ஈபொக் எண்ட நம்பர் கூடும், ரெண்டு கொப்பில எதுல நம்பர் கூடவோ அதுதான் புதுசு. பழைய கொப்பி பழைய பாஸ்வேட்டுக்குத் திறக்கும், அதால பழைய பாஸ்வேட் வேற யாருக்கும் தெரியும் எண்டா அந்தக் கொப்பிகளைத் தேடி அழிக்கோணும்.

தங்கச்சி, இதெல்லாம் செய்தும் ஈஎக்ஸ்டி4 வரல்ல எண்டா ஸ்டேட்டஸ் திரையையும் லக்ஸ்டம்ப் திரையையும் ஃபோன்ல படம் எடுத்து அனுப்புங்க. அந்தப் படத்தில கீ தெரியாது, பயமில்ல. ஹெடர் ஃபைல மட்டும் எனக்கும் அனுப்பாதீங்க.