ரோபோ நடைப்பயிற்சி யாருக்கு?

கேள்வி: அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஏழு வாரம். இடது கால் ஊன்றவில்லை; இருவர் தாங்கினால்தான் நிற்கிறார். வெளியூரில் ரோபோ எந்திரத்தில் நடக்க வைக்கிறார்களாம். அழைத்துப் போகலாமா? (வாசகி, மன்னார்குடி)

பதில்: போங்கள், தள்ளிப்போடாதீர்கள். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 62 ஆய்வுகளைத் திரட்டி 2020-ஆம் ஆண்டு தந்த அறிக்கைப்படி, பிசியோதெரபியோடு இந்தப் பயிற்சியும் சேர்ந்தால் எட்டுப் பேருக்கு ஒருவர் கூடுதலாகத் துணையின்றி நடக்கிறார். முதல் மூன்று மாதத்தில் இருப்பவர்களுக்கும், அறவே நடக்க முடியாதவர்களுக்கும்தான் பலன் அதிகம். உங்கள் அப்பா இரண்டிலும் வருகிறார்.

இந்த எந்திரம் உடலை மேலிருந்து கயிற்றால் தாங்கி, பட்டைகளால் பிணைத்த காலை வீசி நடக்க வைக்கும். முதல் நாள் பாதி நேரம் அளவெடுப்பதிலேயே போகும், அவசரப்படுத்தாதீர்கள். இடுப்பு, முழங்கால் மூட்டுகளுக்கு நேராக எந்திரத்தின் மூட்டுகள் அமைய வேண்டும். விலகினால் பட்டை முழங்காலுக்குக் கீழே முன்பக்கத்தை உராயும், கால் விறைத்தால் எந்திரம் நின்றுவிடும். நம் ஊர் வியர்வைக்குத் தோல் சீக்கிரம் புண்ணாகும். முழுநீளப் பருத்திக் கால்சட்டை போடுங்கள். கழற்றியதும் கணுக்கால்வரை பாருங்கள். சிவப்பு அரைமணியில் மறையாவிட்டால் பிசியோதெரபிஸ்டிடம் சொல்லுங்கள். இடுப்புவார் வயிற்றை அழுத்தும், அதனால் சாப்பிட்டவுடன் ஏற்ற வேண்டாம். கெண்டைக்கால் வீங்கியிருந்தாலோ வலித்தாலோ அன்று பயிற்சியே கூடாது. ரத்தக்கட்டாக இருக்கலாம், உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். இடது கையைப் பிடித்து இழுத்துத் தூக்காதீர்கள், தோள் நழுவும்.

பெரும்பாலும் தவறுவது வேறொன்று. கால் தானாகப் போகிறதே என்று அவர் சும்மா தொங்கினால் மூளைக்கு வேலையே இல்லை. உடல் எடையில் எவ்வளவைக் கயிறு தாங்குகிறது, கால் வீச எவ்வளவு உதவி, இந்த இரண்டையும் தினமும் கேட்டு நோட்டில் எழுதுங்கள். தொடக்கத்தில் கயிறு எடையில் மூன்றில் ஒரு பங்கைத் தாங்கலாம். முழங்கால் மடங்காமல் நிற்க நிற்க அது குறைய வேண்டும். நாலைந்து முறை போயும் எண்கள் அசையாவிட்டால் காரணம் கேளுங்கள். எந்திரம் இல்லாத நாளிலும் தரையில் நடை உண்டு என்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள்.

கேள்வி: பக்கவாதம் வந்து இரண்டு வருடமாகக் கம்பூன்றி நடக்கிறேன். எனக்கும் தேவையா? (வாசகர், திருத்துறைப்பூண்டி)

பதில்: செலவுக்கேற்ற பலன் கிடைப்பது அரிது, அந்த ஆய்வுகளிலும் நடை வேகம் குறிப்பிடும்படி கூடவில்லை. நாற்காலியில் பாதங்களைப் பின்னிழுத்து, கை ஊன்றாமல் பத்து முறை எழுந்து உட்காருங்கள். தினம் மூன்று வேளை, பக்கத்தில் ஆள் இருக்கட்டும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருவார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் பதியுங்கள். வரப்பில் நடப்பதை அவர் பார்த்துச் சொன்ன பிறகு வைத்துக்கொள்ளலாம்.