படிக்க மட்டும்தான், ஆனால் எதை எல்லாம்?

அண்ணாச்சி, வீட்டு வரவு செலவு கூகுள் ஷீட்டில் இருக்கிறது, அதை ஏஐ ஏஜென்ட் (சொன்ன வேலையைத் தானே செய்யும் ஏஐ நிரல்) படிக்க மட்டும் விட்டால் ஆபத்து உண்டா என்று கேட்டிருந்தீர்கள். விடலாம். ஆனால் அனுமதித் திரையில் உங்கள் எல்லா ஷீட்டுகளையும் பார்க்கும் என்று வந்தால் சரி கொடுத்துவிடாதீர்கள், அதுவும் படிக்க மட்டுமான அனுமதிதான், என்றாலும் வீட்டுக் கணக்கோடு சேர்த்து கோயில் கொடை வரிப் பட்டியல் வரைக்கும் திறந்துவிடும். நான் கூகுள் கிளவுடில் ஒரு சர்வீஸ் அக்கவுன்ட் (ஆளுக்கு இல்லாமல் நிரலுக்கென்று இருக்கும் கணக்கு) உருவாக்கி, அதன் மின்னஞ்சல் முகவரிக்கு அந்த ஒரு ஷீட்டை மட்டும் வியூவராகப் பகிர்ந்தேன். வேண்டாமென்றால் பகிர்வை எடுத்துவிடலாம் (படித்தது படித்ததுதான்).

மாற்றி எழுத முடியாது என்பதால் வெளியே போகாது என்று நினைக்க வேண்டாம். ஏஜென்டின் மூளையான ஏஐ மாடல் வேறொருவர் சர்வரில் ஓடினால், படித்ததெல்லாம் அங்கேதான் போகும். கணக்கு எண், ஆள் பெயர் எல்லாம் நீக்கிய நகலைக் கொடுங்கள். அப்புறம், ஷீட்டில் ஏறும் யுபிஐ குறிப்பில் பணம் அனுப்புகிறவர் எதை வேண்டுமானாலும் எழுதலாம், அதை உங்கள் உத்தரவு என்று ஏஜென்ட் எடுத்துக்கொள்ளக்கூடும். அதே ஏஜென்டுக்கு மெயில் அனுப்பும் வசதியும் இருந்தால் வம்பு, முதலில் அதைத் துண்டியுங்கள்.

அம்பாசமுத்திரம் பக்கம் வயல் என்றீர்களே, கார், பிசானம் என்று இரண்டு நெல் பருவத்திலும் அறுவடைக்கு அறுவடைதான் பணம் வரும் என்பதையும் ஏஜென்டுக்கு எழுதிக் கொடுங்கள். நான் சொல்லாமல் விட்டதில், வருஷத்தில் முக்கால்வாசி எனக்கு வருமானமே இல்லை என்று என் ஏஜென்ட் அறிக்கை தந்தது.