வாசகர் கேள்வி – பதில்: கடல் கடந்த சேலத்துக்காரர்களும் ராத்திரி ஏக்கமும்

வெளிநாட்டில் குடியிருக்கும் சேலத்துக்காரர்கள் பலர் ஏறக்குறைய ஒரே விஷயத்தைக் கேட்டு எழுதியிருக்கிறார்கள். பகலெல்லாம் வேலையில் ஓடிவிடுகிறது, விளக்கு வைத்த பிறகுதான் ஊர் இழுக்கிறது என்கிறார்கள். செய்து பார்க்கக்கூடிய வழிகள் உள்ள கேள்விகளை இந்த இதழில் எடுத்துக்கொண்டோம்.

"உங்க ஊர்ல நைட் லைஃப் எப்படி?" என்று அலுவலகத்தில் கேட்டார்கள். கிளப், பார் என்று எதையும் சொல்லத் தெரியவில்லை. ஆனால் ஏழு மணிக்கு மேல் எதையோ தொலைத்த மாதிரி இருக்கிறது. இங்கே எட்டு மணிக்குக் கடை மூடிவிடுகிறார்கள். என்ன செய்யலாம்?
– வாசகி, மியூனிக்

தாராளமாகச் சொல்லுங்கள், எங்கள் ஊர் நைட் லைஃப் தெருவில் நின்று சாப்பிடுவதுதான் என்று. சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் தள்ளுவண்டிகள் வந்து நிற்கும். ஏழு மணிக்குத் தட்டுவடை செட் (இரண்டு தட்டுவடைக்கு நடுவே சட்னியும் காயும் வைத்தது) கடையைச் சுற்றி ஆள் நிற்க இடம் இருக்காது. அது ஓய்ந்த பிறகு புரோட்டாக் கல் சூடாக இருக்கும். புதிய பஸ் ஸ்டாண்டில் பெங்களூருக்கும் கோவைக்கும் விடிய விடிய வண்டி உண்டு. டிக்கெட் வேண்டாம், முன்பதிவு வேண்டாம், வீட்டுச் செருப்போடு போகலாம், பாட்டியும் வரலாம், கைக்குழந்தையும் வரலாம். நீங்கள் தேடுவது இந்த 'சும்மா போய்ட்டு வரலாம்' என்பதைத்தான். அதனால் கிளப்புக்குப் போனாலும் ஏக்கம் தீராது.

மியூனிக்கில் கடைகள் பொதுவாக இரவு 8 மணியோடு சரி, ஞாயிறு விடுமுறை. அடுக்குமாடியில் இரவு 10 முதல் காலை 6 வரை சத்தம் கூடாது. ஆகவே கூட்டத்தை வீட்டுக்குள் கூட்டாதீர்கள், வெளியே கொண்டுபோங்கள். அதற்கு உங்கள் ஊரிலேயே அருமையான இடம் இருக்கிறது: பியர் கார்டன். சொந்தச் சாப்பாட்டைக் கொண்டுவந்து சாப்பிடலாம் என்பது பவேரியாவின் பழைய வழக்கம். 1999-இல் வந்த பியர் கார்டன் விதிமுறையும் அதை ஏற்றுக்கொண்டது. துணி விரிக்காத மேசையில் உட்காருங்கள், விரித்த மேசை உணவகத்துக்குரியது. குடிப்பதை மட்டும் அங்கேயே வாங்க வேண்டும். பியர் குடிக்காதவர்கள் ஆப்பிள் சாறும் சோடாவும் கலந்த ஆப்ஃபெல்ஷோர்லே கேட்கலாம். பாட்டு இரவு 10 மணிக்கும் கடைசி ஆர்டர் 10.30-க்கும் முடியும், 11-க்கு இடத்தைக் காலி செய்ய வேண்டும். ஜூனில் அங்கே சூரியன் மறையவே ஒன்பது தாண்டும் என்பதால், ஏழரைக்குப் போய் உட்கார்ந்தால் மூன்று மணி நேரம் கிடைக்கும். நீண்ட மரப் பெஞ்சில் தெரியாதவர் பக்கத்தில் வந்து உட்காருவார், தட்டில் என்ன என்று கேட்பார். ஒரு செட் நீட்டுங்கள்.

தட்டுவடை செட்டை வீட்டில் செய்தால் ஒரு தடவை கல் மாதிரி, ஒரு தடவை பூரி மாதிரி வருகிறது. சேர்த்து வைத்தால் நமுத்துப்போகிறது. சரியான அளவு வேண்டும்.
– வாசகர், டொராண்டோ

முதலில் மாவைப் பாருங்கள். ஆசியக் கடைகளில் 'குளூட்டினஸ்' அல்லது 'ஸ்வீட் ரைஸ்' என்று எழுதியிருப்பது பசை அரிசி மாவு. அது எண்ணெயைக் குடித்து ரப்பராகும். வெறும் 'ரைஸ் ஃப்ளோர்', அதிலும் நைசாக அரைத்தது வேண்டும். கொரகொரப்பு இருந்தால் சலித்துவிடுங்கள்.

அரிசி மாவு 250 கிராம், பொட்டுக்கடலை மாவு 25, வறுத்து அரைத்த உளுத்தமாவு 25, வெண்ணெய் 30 கிராம். மிளகாய்த்தூள் ஒரு தேக்கரண்டி, உப்பு ஒன்றேகால், எள் ஒன்று, பெருங்காயம் கால், கறிவேப்பிலை ஒரு கொத்து. கடலைப்பருப்பு இரண்டு மேசைக்கரண்டி, ஒரு மணி நேரம் ஊறவைத்துத் துணியில் ஈரம் ஒற்றியது. ஈரத்தோடு போட்டால் எண்ணெயில் வெடித்து முகத்தில் தெறிக்கும், இதில் அலட்சியம் வேண்டாம். வெண்ணெயை மாவில் நன்றாகப் பிசறிய பிறகுதான் தண்ணீர். சுமார் 150 மில்லி பிடிக்கும், கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். கனடாவின் குளிர்கால வீட்டுக் காற்று மாவை இழுத்து உலர்த்திவிடும். ஈரத்துணி போட்டு மூடி, பாதி பாதியாகப் பிசைவது நல்லது.

கோலிக்குண்டு அளவு, சுமார் 6 கிராம் உருண்டை. எண்ணெய் தடவிய இரண்டு பிளாஸ்டிக் தாளுக்கு நடுவே வைத்து, அடி தட்டையான டம்ளரால் அழுத்துங்கள். இரண்டு அங்குலத்துக்குச் சற்று மேல் அகலம், 2 மில்லிமீட்டர் கனம். செட்டுக்கான தட்டுவடை சின்னதாக இருக்க வேண்டும், ஒரே வாயில் போகாவிட்டால் காய் எல்லாம் சட்டையில். முள்கரண்டியால் ஐந்தாறு இடத்தில் குத்துங்கள். குத்தாததுதான் பூரியாக உப்புகிறது.

எண்ணெய் 170 முதல் 175 டிகிரி. மின்சார அடுப்பு சூட்டை மெதுவாகத்தான் மீட்கும் என்பதால் ஒரு ஈட்டுக்கு ஆறு, ஏழுக்கு மேல் போடாதீர்கள். சலசலப்பு முழுக்க அடங்கிய பிறகு எடுங்கள். நிறம் வந்ததும் எடுத்துவிட்டால் உள்ளே ஈரம் நின்றுவிடும், மறுநாள் நமுத்துப்போவதற்கு அதுதான் காரணம். கல்லாக வந்தால் வெண்ணெய் போதவில்லை. எண்ணெயில் உதிர்ந்தால் வெண்ணெய் அதிகம். இந்த அளவுக்கு 80 தட்டுவடை, அதாவது 40 செட் வரும்.

சிவப்புச் சட்னிக்குக் காய்ந்த மிளகாய் 10 (பாதி காஷ்மீரி, நிறத்துக்கு), வெந்நீரில் 20 நிமிடம் ஊறியது, பூண்டு 12 பல், ஒரு சின்னத் தக்காளி, உப்பு. அரைத்து, இரண்டு கரண்டி எண்ணெயில் சுருள வதக்குங்கள். பச்சைச் சட்னிக்கு ஒரு கட்டு கொத்தமல்லி, அதில் பாதி புதினா, பச்சை மிளகாய் 3, எலுமிச்சைச் சாறு. ஒரு மேசைக்கரண்டி பொட்டுக்கடலை சேர்த்து அரைத்தால் தண்ணீர் பிரியாது. இரண்டும் கரண்டியில் நிற்கும் பதத்தில் இருக்கட்டும். கேரட், பீட்ரூட்டைத் துருவிப் பிழிந்துவிடுங்கள், வெங்காயத்தைப் பொடியாக அரியுங்கள். மாங்காய் கிடைத்தால் விடாதீர்கள்.

கீழே ஒரு தட்டுவடை, இரண்டு சட்னியிலும் அரைத் தேக்கரண்டி, காய், மேலே ஒன்று. காயில் முன்கூட்டியே உப்புப் போட்டால் நீர் விட்டுவிடும். அடுக்கி மூன்று நிமிடத்துக்குள் வாயில் போக வேண்டும். விருந்தாளி வருவதற்குள் நாற்பதையும் அடுக்கி வைப்பவர்கள்தான் ஏமாந்துபோகிறார்கள். ஒருவர் அடுக்க, மற்றவர்கள் சுற்றி நின்று சாப்பிட வேண்டும், கடையிலும் அப்படித்தானே. உடைந்ததை எறியாதீர்கள். நொறுக்கி, அதே காயும் சட்னியும் போட்டுக் கலந்தால் நொறுக்கல். வேகவைத்த முட்டையை அரிந்து சேர்த்தால் முட்டை நொறுக்கல்.

மகனுக்கு இங்கிருந்து தட்டுவடை கொடுத்தனுப்பினால் பாதி தூளாகப் போகிறது. போன முறை சிக்கு வாடை வந்துவிட்டதாம். எப்படிக் கட்டுவது?
– ஒரு தாய், அம்மாப்பேட்டை

சிக்கு வாடைக்குக் காரணம் பழைய எண்ணெய், இல்லையென்றால் சூட்டோடு மூடியது. புது எண்ணெயில் சுட்டு, இரண்டு மணி நேரம் ஆறவிட்டுக் கட்டுங்கள் அம்மா. தட்டுவடையைப் படுக்கையாகக் கொட்டாமல், நாணயம் அடுக்குவது போல ஒன்றன்மேல் ஒன்றாக உருளை டப்பாவில் இறுக்கி அடுக்குங்கள். மேலே மிச்ச இடத்தில் காகிதத்தைக் கசக்கித் திணியுங்கள். ஆடினால்தான் உடையும்.

மகன் ஐரோப்பிய நாட்டில் இருந்தால் வெண்ணெய், நெய்க்குப் பதில் சூடான எண்ணெய் ஊற்றிப் பிசையுங்கள். வெளியிலிருந்து பயணிகள் பால் பொருள் கொண்டுவருவது ஐரோப்பிய ஒன்றியத்தில் தடை. ஆஸ்திரேலியா என்றால் இறங்கும் அட்டையில் உணவு இருக்கிறது என்று கட்டாயம் குறிக்கச் சொல்லுங்கள், மறைத்தால் அபராதம். சட்னி அனுப்ப வேண்டாம், குண்டு மிளகாயாக அனுப்பினால் அவரே அரைத்துக்கொள்வார்.

டிசம்பரில் நாலரை மணிக்கே இருட்டிவிடுகிறது. அப்போது ஏக்கம் தாங்க முடியவில்லை.
– வாசகர், ஸ்டுட்கார்ட்

மதிய இடைவேளையில் அரை மணி நேரம் வெளிச்சத்தில் நடங்கள். சாயங்காலம் ஆறரைக்கு ஏதாவது ஒரு வேலையை வெளியே வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குப் போய் உட்கார்ந்துவிட்டால் மறுபடி கிளம்ப மனசு வராது. தூக்கமும் பசியும் இரண்டு வாரத்துக்கு மேல் கெட்டிருந்தால் அதை ஊர் ஏக்கம் என்று தள்ளிவிடாமல் மருத்துவரைப் பாருங்கள்.

பத்து நாள் விடுப்பு. ஊர் ராத்திரியை முழுசாகப் பார்க்க எந்த மாதம் வரலாம்? ஏற்காட்டிலும் ஒரு ராத்திரி தங்க ஆசை.
– வாசகர், துபாய்

ஆடி. வேறு யோசனையே வேண்டாம். கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவை ஒட்டி மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை விடுவார்கள். 2024-இல் ஆகஸ்ட் 7, 2025-இல் ஆகஸ்ட் 6, இரண்டுமே புதன்கிழமை. அந்த நாளை நடுவில் வைத்து விடுப்புப் போடுங்கள். சேலத்தின் குகை பகுதியில் வண்டி வேடிக்கை பார்க்காமல் திரும்பாதீர்கள். சாமி வேடம் கட்டியவர்களோடு அலங்கார வண்டிகள் இரவில்தான் வரும். அன்று அந்தப் பக்கம் கார் நுழையாது என்று வைத்துக்கொண்டு, தூரத்தில் நிறுத்தி நடந்து போங்கள்.

ஷார்ஜாவிலிருந்து கோவைக்கு நேரடி விமானம் உண்டு. அங்கிருந்து சேலம் சுமார் 160 கிலோமீட்டர், மூன்று மணி நேரம். பெங்களூரு விமான நிலையம் நகரின் வடக்கே இருப்பதால் ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஒதுக்க வேண்டும்.

ஏற்காட்டில் சேலம் மாதிரி ராத்திரி எதிர்பார்க்காதீர்கள். சுமார் 1,500 மீட்டர் உயரம், ஆடியிலும் சாயங்காலமே குளிரும், கடைகள் சீக்கிரம் அடங்கிவிடும். ஏரிப் பக்கம் மிளகாய் பஜ்ஜியும் பிரெட் ஆம்லெட்டும் இருட்டுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். இருட்டியதும் 20 கொண்டை ஊசி வளைவில் இறங்க வேண்டாம். பனி மூட்டத்தோடு காட்டெருமையும் ரோட்டுக்கு வரும், அதன் கருத்த உடம்பு வெளிச்சத்தில் கடைசி நொடியில்தான் தெரியும்.

சனிக்கிழமை ராத்திரி நண்பர்கள் டீக்கடையில் கூடும் நேரத்துக்குப் போன் போட்டால் எனக்கு மணி குழம்புகிறது.
– வாசகர், ஒட்டாவா

சேலத்தில் இரவு 9 என்றால் உங்களுக்குக் கோடையில் காலை 11.30, குளிர்காலத்தில் 10.30. கனடாவில் கடிகாரம் மாறுவது மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும். ஐரோப்பாவில் மார்ச், அக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறு. ஜெர்மனியில் இருக்கும் நண்பரையும் சேர்த்துப் பேசுபவர்கள் இடைப்பட்ட வாரங்களில் ஒரு மணி நேரம் தவறவிடுவது இதனால்தான். அழைப்பு நேரத்தை எப்போதும் சேலத்து மணியில் பேசி வைத்துக்கொள்ளுங்கள், அது மாறுவதே இல்லை. போனை கையில் கொடுத்து ஆளுக்கு ஆள் சுற்றவிடாமல், பாய்லரை விட்டுத் தள்ளி மேசையில் சாய்த்து வைக்கச் சொல்லுங்கள். பாய்லர் இரைச்சல் குறைந்தால் எல்லார் குரலும் கேட்கும், அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வது உட்பட.