பெரிய வரைபடத்தில் லொறி ஓட்டம்: திருகோணமலை ஆட்களின் கேள்விகளுக்குப் பதில்

யூரோ ட்ரக் சிமுலேட்டர் 2 என்ற லொறி ஓட்டும் கணினி விளையாட்டை ஓட்டுபவர்களும் ஓட்டப் பார்ப்பவர்களும் கேட்டவை.

உப்புவெளியிலிருந்து: அண்ணா, சண்டையும் இல்ல, ரேஸும் இல்ல. சும்மா லொறி ஓடுறதில என்ன கிடக்கு?

விளையாட்டில் ஐரோப்பா 19இல் ஒரு பங்காகச் சுருங்கியிருக்கிறது. அந்தக் கணக்கில் இங்கிருந்து கொழும்புக்கு உள்ள ஏறக்குறைய 260 கிலோமீட்டர், 14 கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும். ஆனால் நெடுஞ்சாலையில் கடிகாரமும் 19 மடங்கு ஓடுகிறது. 3 நிமிடம் ஓட்டினால் அங்கே ஒரு மணித்தியாலம் போயிருக்கும். வெயில் சாயும், சாரதிக்குத் தூக்கம் வரும். நகரத்துக்குள் நுழைந்ததும் அதுவே 3 மடங்காகக் குறையும். மனம் அதைத் தூரப் பயணமாகவே எடுத்துக்கொள்வது இதனால்தான். கந்தளாய் தாண்டி ஹபரணை வரை கிடக்கிற காட்டு ரோட்டை நினைத்துப் பாருங்கள். ஒன்றுமே நடக்காத அந்த நீளம்தான் ருசி. விளையாட்டின் வரைபடத்தைப் பெரிதாக்க ரசிகர்கள் செய்த ப்ரோமொட்ஸ் என்ற மொட் (கூடுதல் கோப்புத் தொகுப்பு) சேர்க்கிற ஐஸ்லாந்தில் அது தாராளமாகக் கிடைக்கும்.

கிண்ணியாவிலிருந்து: நானா, ப்ரோமொட்ஸ் முழுசா இறக்கிட்டேன். விரிக்கக்குள்ள பிழை காட்டுது.

அது பல துண்டுகளாக இறங்கும், எல்லாத் துண்டுகளும் ஒரே ஃபோல்டரில் இருக்கவேண்டும். 001 என்று முடிகிற துண்டை மட்டும் செவன்சிப் என்ற விரிக்கும் மென்பொருளில் திறந்தால் மற்றவற்றை அதுவே சேர்த்துக்கொள்ளும். சிஆர்சி பிழை என்றால் ஏதோ ஒரு துண்டு பழுதாக இறங்கியிருக்கிறது. அளவு குறைந்த துண்டை மட்டும் திரும்ப இறக்குங்கள், டேட்டாவை வீணாக்க வேண்டாம்.

விரித்த கோப்புகள் டொக்கியுமெண்ட்ஸுக்குள் இருக்கும் விளையாட்டின் மொட் ஃபோல்டருக்குப் போகவேண்டும். விளையாட்டுக்குள் இருக்கும் மொட் மனேஜரில், பெயரில் டெஃப் என்றுள்ள கோப்பு மேலே, அதற்குக் கீழே மெப் என்றுள்ளது, மிச்சமெல்லாம் அதற்கும் கீழே. அதன் பிறகும் திறந்தவுடன் மூடிக்கொண்டால் பெரும்பாலும் விளையாட்டின் பதிப்பு மொட்டுக்குப் பொருந்தவில்லை, இல்லாவிட்டால் மொட் கேட்கிற வரைபட டிஎல்சி (தனியாக வாங்கும் கூடுதல் பகுதி) ஒன்று குறைகிறது. விளையாட்டை வாங்கும் ஸ்டீம் செயலியில், விளையாட்டின் ப்ரொப்பர்ட்டீஸில் உள்ள பீட்டாஸ் பகுதிக்குப் போய்ப் பழைய பதிப்பைத் தெரிவு செய்யலாம்.

மூதூரிலிருந்து: இடப்பக்கம் ஓடிப் பழகின எனக்கு எந்த ஊர் சரி?

பிரித்தானியா. ஃபீலிக்ஸ்டோவில் தொடங்குங்கள், துறைமுக ஊர், நமக்கு அந்நியமாக இருக்காது. லொறி வாங்கும்போது வலப்பக்க ஸ்டியரிங் உள்ள கேபினைத் தெரிவு செய்ய மறக்கவேண்டாம்.

நிலாவெளியிலிருந்து: லெப்டொப்பில விட்டு விட்டு ஓடுது.

முதலில் கிராஃபிக்ஸ் அமைப்பில் ஸ்கேலிங்கைப் (படத்தை வரையும் நுணுக்க அளவு) பாருங்கள். 400 வீதத்தில் வைத்தால் திரை நான்கு மடங்கு புள்ளிகளை வரையவேண்டும், 100க்கு இறக்குங்கள். அடுத்தது கண்ணாடிகளின் தரம், ஒவ்வொரு கண்ணாடியும் காட்சியை இன்னொரு தரம் வரைவிக்கிறது. பெரிய வரைபடத்தில் மட்டும் தடக்கினால், விளையாட்டை மூடிவிட்டு கொன்ஃபிக் கோப்பில் பஃபர் பேஜ் சைஸ் என்ற வரியிலுள்ள 10ஐ 30 ஆக்குங்கள்.

தம்பலகாமத்திலிருந்து: லொறி பாரமாவே தெரியல்ல, விளையாட்டுக் கார் மாதிரி.

அமைப்பில் லொறி, ட்ரெய்லர் இரண்டின் ஸ்டபிலிட்டியையும் (சரியாமல் நிற்கும் தன்மை) கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள், ஏர் பிரேக் சிமுலேஷனைப் போடுங்கள். இனிச் சுற்றுவட்டத்தில் வேகமாகத் திருப்பினால் ட்ரெய்லர் சரியும். இறக்கத்தில் பிரேக்கை மிதித்து மிதித்து விட்டால் காற்று குறைந்துபோகும், பிரேக்கைத் தொடாமல் வேகத்தைக் குறைக்கும் ரிட்டார்டரில் இறங்குங்கள்.

இன்னொருவர்: ஏற்கனவே ஓடிச் சேமித்த பழைய புரொஃபைலில மொட் போடலாமா?

போடலாம், ஆனால் கையிலிருக்கிற லோட்டை முதலில் இறக்கிவிடுங்கள். வரைபடம் மாறும்போது ஓடிக்கொண்டிருக்கிற வேலை ரத்தாகிவிடும். புரொஃபைல் ஃபோல்டரைப் பிரதி எடுத்து வேறிடத்தில் வைத்த பிறகே தொடுங்கள்.