இறக்கத்தில்தான் வண்டியின் குணம் தெரியும்: வாசகர் கேள்வி – பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கார் வாங்குவது பற்றித்தான். டாக்ஸி ஓட்டியும் அப்புறம் ஒர்க் ஷாப் வைத்தும் பல வருடங்களை இந்த நீலகிரி மலையிலேயே கழித்தவன் என்பதால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். சமவெளியில் இருப்பவர்களுக்கு இதில் சில விஷயம் பொருந்தாமல் போகலாம். நம் ஊர்ச் சாலைகளை நினைத்துத்தான் எழுதுகிறேன்.

கேள்வி: வீட்டிலிருந்து பள்ளிக்கு தினமும் 12 கிலோமீட்டர், முழுக்க மேடு பள்ளம். நான், கணவர், இரண்டு பிள்ளைகள், மாமியார் என ஐந்து பேர். மாதம் ஒருமுறை கோவை போவோம். பத்து லட்சத்துக்குள் வாங்க நினைக்கிறோம். ஷோரூமில் சன்ரூஃப், பெரிய டச் ஸ்க்ரீன், சீட்டுக்குக் குளிர்காற்று என்று அடுக்குகிறார்கள். உண்மையில் எதைப் பார்த்து வாங்க வேண்டும்?
— ஆசிரியை ஒருவர், கோத்தகிரி

பதில்: டீச்சர், டெஸ்ட் டிரைவ் எங்கே போனீர்கள்? கோவை அவிநாசி சாலையில் நீங்களும் சேல்ஸ் பையனும் மட்டும் நாலு கிலோமீட்டர் போய் வந்திருந்தால், அந்த வண்டியைப் பற்றி உங்களுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. ஐந்து பேரும் ஏறி உட்கார்ந்து, நீங்கள் தினமும் போகிற அதே சாலையில், ஏற்றத்தின் நடுவில் ஒருமுறை நிறுத்தி மறுபடி எடுத்துப் பாருங்கள். ஷோரூமில் அவ்வளவு தூரம் வண்டி தர மாட்டேன் என்றால் அதே மாடல் டாக்ஸி ஒன்றை ஒரு நாள் வாடகைக்கு எடுங்கள். பத்து லட்சம் போடுகிற இடத்தில் அந்த வாடகை ஒரு செலவே இல்லை.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், உயரம் கூடக் கூட காற்றின் அடர்த்தி குறைகிறது. காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் டர்போ இல்லாத எஞ்சின் ஆயிரம் மீட்டருக்கு ஏறக்குறைய பத்து சதவீத பலத்தை இழக்கும். கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர். பட்டியலில் 80 குதிரைத்திறன் என்று போட்டிருக்கிற எஞ்சின் உங்கள் வீட்டு வாசலில் 65-ஐ ஒட்டித்தான் தரும். ஊட்டி 2,240 மீட்டர், அங்கே இன்னும் குறையும். டர்போ எஞ்சின் இதைப் பெரும்பாலும் ஈடுகட்டிவிடும், ஆனால் சின்ன டர்போ எஞ்சின்கள் சில, கொண்டை ஊசி வளைவில் வேகம் இறங்கி இரண்டாவது கியரில் திரும்பும்போது ஒரு நொடி செத்தது போல நின்றுவிட்டு அப்புறம்தான் இழுக்கும். அதைக் கையால் ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும், எந்தப் பட்டியலிலும் இருக்காது.

ஆனால் ஏறுவதைப் பற்றியே எல்லோரும் கேட்கிறார்கள். நான் இறங்குவதைத்தான் முதலில் பார்ப்பேன். பலம் குறைந்த வண்டி மெதுவாகவாவது மேலே வந்துவிடும், பிரேக் விட்டுப்போன வண்டிக்கு அந்த வசதி கிடையாது. டாக்ஸிக்கு வந்த புதிதில் ஒருநாள், டீசல் மிச்சமாகுமே என்று குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் வரை பெரும்பாலும் நியூட்ரலில் விட்டு பிரேக்கிலேயே இறங்கினேன். பின்னால் ஒரு குடும்பம், கைக்குழந்தையோடு. பர்லியார் நெருங்கும்போது ஏதோ கருகுகிற வாசனை, பெடல் மெத்தை மாதிரி உள்ளே போனது. இடப்பக்கம் கொஞ்சம் அகலமான இடம் வந்ததால் கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக்கையும் இழுத்து எப்படியோ நிறுத்தினேன். அந்தக் குழந்தை தூங்கிக்கொண்டே இருந்தது. என் கை நடுக்கம் நிற்க அரை மணி நேரம் ஆனது. அன்றைக்குப் பிறகு, ஏறும்போது எந்தக் கியரில் வந்தேனோ அதே கியரில்தான் இறங்குகிறேன்.

அதனால் வண்டியை இரண்டாவது கியரில் விட்டு, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து இறக்கத்தில் எவ்வளவு பிடித்து நிறுத்துகிறது என்று பாருங்கள். முன் சக்கரங்களில் நடுவே காற்றோட்ட இடைவெளி உள்ள டிஸ்க், அதாவது வென்டிலேட்டட் டிஸ்க் இருக்கிறதா என்று கேளுங்கள். பின்னால் டிரம் என்பதற்காகக் கவலைப்பட வேண்டாம், இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது எடை முன்னால் சாய்வதால் வேலையில் பெரும்பகுதியை முன் பிரேக்தான் செய்கிறது. பிரேக்கை அழுத்தும்போது சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும் ஏபிஎஸ் 2019 ஏப்ரலிலிருந்து எல்லாப் புதிய கார்களிலும் கட்டாயம் என்பதால் அதைப் பெரிய சிறப்பாகச் சொன்னால் நம்பி மயங்காதீர்கள். கேட்க வேண்டியது ஈஎஸ்சி. மழையில் சேறு வழிந்த வளைவிலோ, கற்பூர மர இலை ஈரமாகக் கிடக்கிற வளைவிலோ வண்டி வழுக்கத் தொடங்கினால், ஒவ்வொரு சக்கரத்தையும் தனித்தனியாகப் பிடித்து வண்டியை நேராக்குவது அதுதான். நீங்கள் வாங்கப்போகிற வேரியண்டில் அது இருக்கிறதா என்று எழுத்தில் பாருங்கள். பாரத் என்கேப் மோதல் சோதனை 2023 அக்டோபரிலிருந்து நடக்கிறது, அந்த மாடலுக்கு எத்தனை நட்சத்திரம் என்று பார்த்துவிடுங்கள். பின்சீட்டில் நடுவில் உட்காருபவருக்கும் தோள் வழியாக வரும் பெல்ட் இருக்க வேண்டும், உங்கள் வீட்டில் அந்த இடத்தில் ஒரு பிள்ளைதான் உட்காரப்போகிறது.

அடுத்தது பார்வை. இதை யாரும் சொல்வதே இல்லை. முன் கண்ணாடியின் ஓரத்தூண் இப்போது வரும் வண்டிகளில் தடிமனாகிவிட்டது. வலப்பக்கம் திரும்பும் கொண்டை ஊசியில் எதிரே மேலிருந்து வரும் பஸ்ஸே அந்தத் தூணுக்குப் பின்னால் மறைந்துவிடும். டிரைவர் சீட்டை உயர்த்தும் வசதி வேண்டும். உயர்த்தி உட்கார்ந்து, கொஞ்சம் தலையை நகர்த்தினால் வளைவின் உள்பக்கம் தெரிகிறதா, மேட்டின் உச்சியில் பானெட்டுக்கு அப்பால் சாலை தெரிகிறதா என்று பாருங்கள்.

பின் கண்ணாடிக்கு வைப்பரும், கண்ணாடியைச் சூடாக்கி மூட்டத்தைப் போக்கும் டீஃபாகரும் நம் ஊருக்குக் கட்டாயம். விலை குறைந்த வேரியண்டில் முதலில் கழற்றுவதே இவற்றைத்தான். அக்டோபர் முதல் டிசம்பர் வரை கோத்தகிரிப் பக்கம் பெய்கிற மழையில், ஐந்து பேர் மூச்சுவிடும் வண்டிக்குள் கண்ணாடி இரண்டே நிமிடத்தில் மூடிக்கொள்ளும். அப்போது ஏசியையும் ஹீட்டரையும் சேர்த்துப் போட்டு, வெளிக்காற்று உள்ளே வருகிற மாதிரி வைக்க வேண்டும். ஏசி காற்றிலுள்ள ஈரத்தை எடுத்துவிடும். இதைச் செய்ய ஸ்க்ரீனுக்குள் மூன்று பக்கம் தேட வேண்டியிருந்தால் அந்த வண்டி வேண்டாம். கண்ணை எடுக்காமல் கையால் திருகுகிற குமிழ் இருக்கிற வண்டியை எடுங்கள்.

அளவைப் பொறுத்தவரை சின்னதே நல்லது. எதிரே தேயிலை லாரி வந்தால் ரிவர்ஸ் எடுக்க வேண்டியவர் நீங்கள். நாலு மீட்டருக்குள் நீளமும் 1,200 சிசிக்குள் எஞ்சினும் உள்ள பெட்ரோல் கார்களுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 18 சதவீதம்தான், அதற்கு மேலே போனால் 40. பணமும் மிச்சம், திருப்புவதும் சுலபம். சன்ரூஃப் உள்ள வேரியண்டுக்கும் அதற்குக் கீழ் உள்ளதற்கும் நடுவில் இருக்கிற பணத்தில் நல்ல டயர் நாலும் பல வருட சர்வீஸும் அடங்கிவிடும்.

கேள்வி: புதிதாக ஓட்டக் கற்றிருக்கிறேன். ஏற்றத்தில் கிளட்ச் பயம் இருப்பதால் ஏஎம்டி வாங்கலாமா? மலைக்கு ஆட்டோமேட்டிக் ஆகாது என்கிறார்கள்.
— இளைஞர், குன்னூர்

பதில்: ஆகாது என்பது பழைய பேச்சு, தம்பி. ஆனால் ஏஎம்டி என்பது சாதாரண கியர்பாக்ஸ்தான், கிளட்ச்சை உங்கள் காலுக்குப் பதில் ஒரு மோட்டார் மிதிக்கிறது, அவ்வளவுதான். ஆகவே ஏற்றத்தில் காலை எடுத்தால் பின்னால் உருளும். ஏற்றத்தில் வண்டி பின்னால் உருளாமல் பிடிக்கும் ஹில் ஹோல்டு இருக்கிற வேரியண்ட்தான் வாங்க வேண்டும், அதுவும் இரண்டு நொடி போலத்தான் பிடிக்கும், அதற்குள் ஆக்சிலரேட்டருக்குக் கால் போயிருக்க வேண்டும். பெட்ஃபோர்டு பக்கம் சீசன் டிராஃபிக்கில் ஏற்றத்தில் நிற்கும்போது பிரேக்கை மிதிக்காமல் ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தே வண்டியை நிறுத்திவைப்பவர்கள் இருக்கிறார்கள், கிளட்ச் சீக்கிரமே தேய்ந்துபோகும். ஆட்டோமேட்டிக்கில் இன்னொரு வகையான இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸும் இந்த ஊர்ந்து போகும் நெரிசலில் சூடாகும். பணம் இருந்தால், கிளட்ச்சுக்குப் பதில் ஆயில் வழியாக இழுவையைக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் வகை மலைக்கு நிம்மதி. எந்த வகையானாலும் இறங்கும்போது மேனுவல் மோடில் போட்டு இரண்டில் வைத்துக்கொள்ளுங்கள், டிரைவில் விட்டால் பல வண்டிகள் தானாக மேல் கியருக்குப் போய் பிரேக் மேல் பாரத்தைப் போட்டுவிடும்.

ஹில் டிசென்ட் கன்ட்ரோல் என்று ஒன்றையும் சேர்த்து விற்பார்கள். அது எஸ்டேட்டுக்குள் செங்குத்தான மண் பாதையில் ஊர்ந்து இறங்க உதவுவது. தார்ச்சாலை வளைவுகளுக்கு அதை நம்ப வேண்டாம்.

கேள்வி: சின்ன தேயிலைத் தோட்டம் இருக்கிறது. தினமும் எட்டுப் பத்து கிலோமீட்டர்தான் ஓட்டம். மலை என்றால் டீசல்தான் என்று அப்பா சொல்கிறார்.
— விவசாயி, கூடலூர்

பதில்: அப்பா சொல்வது அவர் காலத்துக்கு முழுக்கச் சரி. குறைந்த சுற்றிலேயே இழுக்கிற டீசலுக்கு மலையில் ஈடு கிடையாது. ஆனால் 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு டீசல் கார்களில் புகையின் கரியைப் பிடித்துவைக்கும் டிபிஎஃப் என்ற வடிகட்டி இருக்கிறது. அந்தக் கரி எரிந்து சுத்தமாக எஞ்சின் நன்றாகச் சூடாகிக் கொஞ்ச தூரம் சீராக ஓட வேண்டும். எட்டு கிலோமீட்டர் போய் நிறுத்துகிறவருக்கு அது அடைத்துக்கொண்டே இருக்கும், டாஷ்போர்டில் விளக்கு எரிந்தபடி ஒர்க் ஷாப்புக்கு வருகிற வண்டிகளில் நிறைய இந்தக் கதைதான். உங்கள் ஓட்டத்துக்குப் பெட்ரோல் வாங்குங்கள். வாரம் இரண்டு முறை மைசூரோ கோவையோ போகிற ஆளாக இருந்தால் டீசலையே சொல்லியிருப்பேன்.

தோட்டத்துக்குள் மண் பாதையில் போக வேண்டுமென்றால் இன்னொன்று. சாதாரண கார்கள் முன்சக்கரத்தில் இழுப்பவை, ஏற்றத்தில் எடை பின்னால் சாய்வதால் முன்சக்கரம் ஈரத்தில் சுற்றும். பொலேரோ மாதிரி பின்சக்கரத்தில் இழுப்பவை சுமையோடு நன்றாக ஏறும், காலியாகப் போனால் அதுவும் வழுக்கும். ஆடி மழையிலும் தோட்டத்துக்குப் போய்த்தான் ஆக வேண்டும் என்றால் நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி தவிர வேறு வழியில்லை.

கேள்வி: எலெக்ட்ரிக் கார் மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏறுமா? சார்ஜ் பாதியில் தீர்ந்துவிடாதா?
— ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், ஊட்டி

பதில்: ஏறும் ஐயா, அதுவும் உயரத்தால் பலம் குறையாமல். மோட்டாருக்குக் காற்று தேவையில்லை. கணக்கு எளிதுதான். ஆட்களோடு சேர்த்து 1,700 கிலோ எடையை சுமார் 1,900 மீட்டர் உயரம் தூக்க மட்டும் ஒன்பது யூனிட்டுக்குச் சற்றுக் குறைவான மின்சாரம் வேண்டும். வழக்கமான ஓட்டத்துக்கு ஆவது தனி. 30 யூனிட் பேட்டரி என்றால் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்கே போய்விடும் என்று வைத்துக்கொண்டு கிளம்புங்கள். இறங்கும்போது மோட்டாரே வண்டியைப் பிடித்து, அதில் ஒரு நல்ல பகுதியைப் பேட்டரிக்குத் திருப்பிக் கொடுக்கும், பிரேக்கும் சூடாகாது. இந்த ஒரு குணத்துக்காகவே எனக்கு எலெக்ட்ரிக் கார் மேல் மதிப்பு உண்டு.

ஒரே ஒரு எச்சரிக்கை. வீட்டில் இரவு முழுக்கச் சார்ஜ் போட்டு நூறு சதவீதத்தோடு ஊட்டியிலிருந்து இறங்காதீர்கள். நிரம்பிய பேட்டரிக்குத் திரும்பி வரும் மின்சாரத்தை வாங்க இடம் இருக்காது, மோட்டாரின் பிடிப்பு குறைந்து சாதாரண பிரேக் மேல்தான் எல்லாம் விழும். எண்பது சதவீதத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: மூன்று லட்சத்தில் பழைய கார் பார்க்கிறேன். எதைச் சோதிப்பது?
— காய்கறி வியாபாரி, மஞ்சூர்

பதில்: பெயின்ட்டைப் பார்க்காதீர்கள். ஏற்றத்தில் மூன்றாவது கியரில் அழுத்தினால் எஞ்சின் சத்தம் கூடி வேகம் கூடாமல் இருந்தால் கிளட்ச் போய்விட்டது. பிரேக் டிஸ்க்கில் விரலை வைத்தால் ஓரத்தில் மேடு தட்டுகிறதா பாருங்கள். டயரின் பக்கவாட்டில் நாலு எண் இருக்கும், 3521 என்றால் 2021-ம் ஆண்டின் 35-வது வாரம் செய்தது, பட்டன், அதாவது டயரின் மேல் உள்ள வெட்டு, எவ்வளவு இருந்தாலும் பழைய டயர் ஈரத்தில் பிடிக்காது. வாங்கியதும் முதல் வேலையாக பிரேக் ஆயிலை மாற்றுங்கள். அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 4 என்ற வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது 230 டிகிரி வரை கொதிக்காது, ஈரம் ஏறினால் 155-க்கே கொதித்துவிடும். கொதித்தால் குழாயில் ஆவிதான் இருக்கும், பெடல் உள்ளே போய்விடும். அன்று பர்லியாரில் எனக்கு நடந்ததும் அதுதான் என்று பிறகு மெக்கானிக் கழற்றிக் காட்டினார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற ஆகும் செலவு, மேட்டுப்பாளையம் மண்டிக்கு ஒரு லோடு இறக்குவதற்கு ஆகும் டீசலைவிடக் குறைவு.

கேள்வி: பனிமூட்டத்துக்கு மஞ்சள் விளக்கா, வெள்ளை விளக்கா?
— கல்லூரி மாணவி, அருவங்காடு

பதில்: நிறத்தைவிட, விளக்கு எங்கே இருக்கிறது என்பதுதான் முக்கியம். பம்பரில் தாழ்வாக, மேலே சிதறாமல் தட்டையாகவும் அகலமாகவும் சாலை ஓரத்தைக் காட்டுகிற ஃபாக் லைட் வேண்டும். மூடுபனியில் ஹை பீம் போட்டால் வெள்ளைச் சுவர்தான் தெரியும். கூரை மேலே எல்இடி கம்பி விளக்கு மாட்டாதீர்கள், எதிரே வருபவருக்குக் கண் கூசி, ஓரமாக நிற்கிற காட்டெருமை அவருக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது.