மாத்திரையை எண்ணிக்கொண்டே எத்தனை வருடம் ஓட்டுவது?

கேள்வி: என் கணவருக்கு 6 வருடமாக பைபோலார், அதாவது மனம் ஒரு சமயம் அளவுக்கு மீறி எழுவதும் இன்னொரு சமயம் சோர்ந்து விழுவதுமான நோய். இரண்டு முறை மருத்துவமனையில் சேர்த்தோம், இரண்டு முறையும் அவராகவே மாத்திரையை நிறுத்திய பிறகுதான் அப்படி ஆனது. இப்போது நன்றாக இருக்கிறார், வேலைக்குப் போகிறார். எனக்குத்தான் நிம்மதி இல்லை. தினமும் மாத்திரையை எண்ணுகிறேன், ராத்திரி எழுந்து தூங்குகிறாரா என்று பார்க்கிறேன், கொஞ்சம் சத்தமாகச் சிரித்தாலே வயிற்றைக் கலக்குகிறது. "நீ எனக்குப் பெண்டாட்டியா, வார்டனா?" என்கிறார். விட்டுப் போய்விடலாமா என்றுகூடச் சில நாள் தோன்றுகிறது. 9 வயதில் மகன் இருக்கிறான். என்ன செய்ய?

பதில்: இரண்டு முறை பட்ட பிறகு மாத்திரையை எண்ணாமல் இருப்பது யாருக்கும் கஷ்டம்தான். அதற்காக உங்களை நீங்களே நொந்துகொள்ள வேண்டாம். ஆனால் எண்ணிக்கொண்டே இருப்பதால் நோய் தடுக்கப்படுவதில்லை, உங்கள் இருவருக்கும் நடுவில் இருப்பதுதான் தேய்கிறது. நீங்கள் எழுதியதிலேயே எனக்கு முக்கியமாகப் பட்டது "இப்போது நன்றாக இருக்கிறார்" என்ற வரி. செய்ய வேண்டிய வேலையெல்லாம் இந்த நல்ல நாட்களில்தான் இருக்கிறது. மேனியா (மனம் அளவுக்கு மீறி எழும் நிலை) வந்த பிறகு பேசிப் புரியவைப்பது கிட்டத்தட்ட முடியாத காரியம், ஏனென்றால் தனக்கு நோய் இருக்கிறது என்று உணரும் திறனையே அந்த நிலை மங்கச் செய்துவிடும். அவர் அப்போது பிடிவாதம் பிடிக்கவில்லை, அவருக்கு உண்மையிலேயே தெரியவில்லை.

முதலில் ஏன் நிறுத்தினார் என்று கேட்டிருக்கிறீர்களா? "ஏன் நிறுத்தினீங்க" என்று சண்டையில் கேட்டதைச் சொல்லவில்லை. அமைதியான ஒரு நாளில், "இந்த மாத்திரையில உங்களுக்கு எது பிடிக்கல?" என்று கேட்டு, பதிலுக்குப் பதில் பேசாமல் முழுதாகக் கேட்டுக்கொள்வதைச் சொல்கிறேன். கை நடுங்குகிறது, உடம்பு ஏறுகிறது, எப்போதும் தாகம், மனசு மந்தமாக இருக்கிறது, தாம்பத்தியத்தில் நாட்டம் குறைந்துவிட்டது என்று ஏதாவது ஒன்று வரும். சிலர் அந்த எழுச்சி நிலையின் உற்சாகத்தையே இழந்ததாக வருந்துவார்கள், அதுவும் பொய்யில்லை. இதில் பலவற்றுக்கு வழி உண்டு: அளவைக் குறைக்கலாம், நேரத்தை மாற்றலாம், மருந்தையே மாற்றலாம். மருத்துவரிடம் போய்ச் சொல்லத் தயங்கி, தானே நிறுத்திவிடுகிறவர்கள்தான் அதிகம்.

அவர் சாப்பிடுவது லித்தியம் என்றால் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். 1949-இல் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் மேனியாவுக்கு அது பலன் தருவதாக எழுதினார், இன்றைக்கும் பைபோலாருக்கு முதல் வரிசையில் நிற்கும் மருந்து அது, தற்கொலை அபாயத்தைக் குறைப்பதிலும் அதற்குத் தனி இடம் உண்டு. ஆனால் பலன் தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி சிறியது. ரத்தத்தில் பொதுவாக லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை வைத்துக்கொள்வார்கள், அதனால்தான் அவ்வப்போது ரத்தப் பரிசோதனை, கூடவே சிறுநீரகம், தைராய்டு. வாந்தி, வயிற்றுப்போக்கு, கை அதிகமாக நடுங்குவது, நடை தள்ளாடுவது, பேச்சு குழறுவது என்று வந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். உடல்வலிக்கு ஐபுபுரூஃபன் மாதிரி மாத்திரையைக் கேட்காமல் போட்டுக்கொள்ளக் கூடாது, ரத்தத்தில் லித்தியம் ஏறிவிடும். திடீரென்று நிறுத்துவது எல்லாவற்றையும்விட மோசம், சில வாரங்களிலேயே மேனியா திரும்பலாம். ஒருவேளை நிறுத்தித்தான் ஆக வேண்டும் என்றாலும் மருத்துவர் சொல்லி, குறைந்தது 4 வாரம், முடிந்தால் 3 மாதம் எடுத்து மெல்லக் குறைப்பார்கள். இதை அவருக்குத் தெரியப்படுத்துங்கள், பயமுறுத்துவதற்காக இல்லாமல்.

அப்புறம், இருவரும் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதுங்கள். எழுதுவது அவர் கையெழுத்தில் இருக்கட்டும், அது முக்கியம். எனக்கு மேனியா ஏறத் தொடங்கினால் முதலில் என்ன மாறும்? பெரும்பாலானவர்களுக்குத் தூக்கம். தூக்கம் வராமல் தவிப்பது வேறு, 3 மணி நேரம் தூங்கிவிட்டுக் களைப்பே இல்லாமல் எழுந்து நிற்பது வேறு. இரண்டாவதுதான் மணியடிக்கும் அறிகுறி. சிலருக்குச் செலவு, சிலருக்கு நடு ராத்திரியில் பழைய நண்பர்களுக்கெல்லாம் போன், சிலருக்குத் திடீரென்று புதிய தொழில் யோசனை. கடந்த இரண்டு முறையும் ஆரம்பத்தில் எது வந்தது என்று இருவரும் நினைவுபடுத்திப் பாருங்கள், பெரும்பாலும் ஒரே வரிசையில்தான் வந்திருக்கும். அதற்குக் கீழே: இப்படி இரண்டு ராத்திரி தொடர்ந்தால் என் மனைவி மருத்துவருக்கு போன் செய்யலாம், நான் கோபப்பட்டாலும் செய்யலாம். கார்டையும் வண்டிச் சாவியையும் அவளிடம் கொடுத்துவிடுவேன். எந்த மருத்துவமனைக்குப் போவேன், மகனை யார் பார்த்துக்கொள்வார்கள். ஒரு பிரதி மருத்துவரிடமும் இருக்கட்டும். சில நாடுகளில் இதைச் சட்டப்படியே முன்கூட்டிப் பதிவு செய்யலாம், உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.

அதே தாளில் நீங்கள் செய்ய மாட்டேன் என்பதையும் எழுதுங்கள். மாத்திரை எண்ண மாட்டேன் (வார மாத்திரைப் பெட்டியை அவரே நிரப்பட்டும்). கோபப்பட்டாலோ சிரித்தாலோ "மாத்திரை போட்டீங்களா?" என்று கேட்க மாட்டேன். இந்த ஒரு கேள்வி எவ்வளவு காயப்படுத்தும் என்று நோயாளிகள் சொல்லி நிறையக் கேட்டிருக்கிறேன். மனிதருக்குச் சந்தோஷப்படவும் எரிச்சல்படவும் உரிமை வேண்டும், எல்லாமே அறிகுறி ஆகிவிட்டால் அவர் வீட்டிலேயே நோயாளியாகத்தான் வாழ முடியும்.

இதற்குப் பின்னால் நீண்ட ஆராய்ச்சி இருக்கிறது. 1950-களில் லண்டனில் ஜார்ஜ் பிரவுன் என்ற சமூகவியலாளரும் அவருடன் இருந்தவர்களும், மருத்துவமனையிலிருந்து பெற்றோரிடமோ மனைவியிடமோ திரும்பியவர்களைவிட வாடகை அறைக்குப் போனவர்கள் நன்றாக இருந்ததைக் கவனித்தார்கள். பிறகு வந்த ஆய்வுகளில் காரணம் தெளிந்தது: ஓயாத குறை சொல்லல், வெறுப்பு, அளவுக்கு மீறிப் பொத்திப் பொத்திப் பார்த்துக்கொள்வது, இவை உள்ள வீடுகளில் நோய் அதிகம் திரும்பியது. முதலில் மனச்சிதைவு நோயில் கண்டார்கள், பைபோலாரிலும் அதுவே தெரிந்தது. குடும்பத்தால் நோய் வருகிறது என்று இதற்கு அர்த்தம் கிடையாது, தயவுசெய்து அப்படி எடுத்துக்கொள்ளாதீர்கள். பயந்துபோன குடும்பம் அப்படித்தான் நடந்துகொள்ளும், பயத்துக்கு ஒரு திட்டம் கிடைத்தால் தானாகவே தணியும்.

மீறி மேனியா வந்துவிட்டால் வாதம் வேண்டாம். சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசுங்கள், வெளிச்சத்தையும் சத்தத்தையும் குறையுங்கள், தாளில் எழுதியபடி செய்யுங்கள். அடிக்க வந்தாலோ மிரட்டினாலோ மகனோடு வெளியேறி அவசர உதவியைக் கூப்பிடுங்கள், அப்புறம் பேசிக்கொள்ளலாம். மேனியா இறங்கியபின் வரும் மனச்சோர்வில் கவனம் இன்னும் அதிகம் வேண்டும். "செத்துடலாம்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஆமாம் என்றால் தனியாக விடாதீர்கள், மாத்திரைகளை எட்டாத இடத்தில் வையுங்கள், அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள். நோயாளியைப் பற்றி உங்களிடம் பேச மருத்துவருக்கு அவர் அனுமதி தேவைப்படலாம். நீங்கள் சொல்வதைக் கேட்டுக்கொள்ள யாருடைய அனுமதியும் தேவையில்லை.

மகனுக்கு எல்லாம் தெரியும் என்றே வைத்துக்கொள்ளுங்கள், 9 வயதுப் பிள்ளை கவனிக்காமல் இருக்காது. அப்பாவுக்கு ஒரு நோய், அதற்குப் பெயர் இது, அது உன்னால் வரவில்லை, அதைச் சரிசெய்வது உன் வேலையும் இல்லை, பயமாக இருந்தால் இவரிடம் போ என்று சொன்னால் போதும். அவனுக்கும் வருமா என்ற பயம் உங்களுக்குள் இருக்கும். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு நூற்றுக்கு 5 முதல் 10 என்று சொல்வார்கள், அதாவது பெரும்பாலான பிள்ளைகளுக்கு வருவதில்லை.

கடைசியாக, போய்விடலாமா என்று தோன்றுவது. அது பாவமில்லை. 6 வருடம் முழுத் தூக்கம் இல்லாத யாருக்கும் தோன்றும். நோய் ஒருவர் நடத்தைக்குக் காரணமாகலாம், அடி வாங்கிக்கொண்டு இருப்பதற்குக் காரணமாக முடியாது. ஆபத்து இருந்தால் யோசிக்காமல் கிளம்புங்கள். இல்லையென்றால் அந்த முடிவைத் தூக்கமில்லாத வாரத்தில் எடுக்காதீர்கள். முதலில் நீங்கள் தூங்க வேண்டும், தேவைப்பட்டால் சில நாள் தனி அறையில். உங்கள் மனசுக்கும் ஒரு ஆலோசகரைப் பாருங்கள், இதேபோல வாழும் குடும்பங்களின் குழு பக்கத்தில் இருந்தால் ஒரு தடவை போய் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்க அவர் தனியாகப் போக வேண்டாம், அவர் சம்மதத்தோடு நீங்களும் போங்கள், கையில் அந்தத் தாளோடு. அதற்கு முந்தின நாள் வரை மாத்திரையைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் இருந்து பாருங்கள்.