செமினியில் ஆள் பெருகுகிறது, வாடகை பெருகுமா?

கேள்வி: மலேசியாவில், சிலாங்கூர் மாநிலத்துச் செமினி பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன் நான். வயது 34. பாங்கி ஊரில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியன் வேலை. மனைவி காஜாங்கில் கிளார்க். இருவர் சம்பளமும் சேர்த்து மாதம் 7,200 வெள்ளி (ரிங்கிட்), கைக்கு வருவது 6,300. கார் கடன் 780, பிடிபிடிஎன் கல்விக் கடன் 200. மலிவு விலை அடுக்குமாடியில் 600 வெள்ளி வாடகைக்கு அம்மாவோடு இருக்கிறோம். புதுத் தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) இனிமேல்தான் கட்டப்போகும் 480,000 வெள்ளி இரட்டை மாடி வீடு ஒன்றை வாங்கி வாடகைக்கு விடச் சொல்கிறார் ஏஜென்ட். செமினி இருக்கும் உலு லங்காட் மாவட்டத்தில் ஜனத்தொகை ஏறுகிறது, சிலாங்கூரில் ஒரு குடும்பத்தின் சராசரி வருமானம் 12,233 வெள்ளி, அதனால் 1,500 வெள்ளி வாடகை நிச்சயம் என்கிறார். முன்பணம் 48,000 வெள்ளிக்கு அம்மாவின் சேமநிதிப் பணம் 60,000 இருக்கிறது. எடுக்கலாமா? முன்பதிவுக்கு 1,000 வெள்ளி கேட்கிறார்கள்.

பதில்: தம்பி, இந்த வீட்டை இந்தக் கணக்கில் எடுக்க வேண்டாம். சொந்த வீடு உங்களுக்குக் கட்டாயம் வேண்டும். அதற்கு வேறு வழி இருக்கிறது, பிறகு வருகிறேன்.

ஏஜென்ட் சொன்ன எண்கள் பொய்யில்லை. உலு லங்காட் மாவட்டத்தில் 2010 கணக்கெடுப்பில் ஏறக்குறைய 11 லட்சத்து 40 ஆயிரம் பேர். 2020-இல் 14 லட்சம். பால்மரமும் செம்பனையும் நின்ற இடத்தில் தாமான்கள் எழுந்ததை உங்கள் கண்ணாலேயே பார்த்திருப்பீர்கள். லெக்காஸ் நெடுஞ்சாலை வந்தது, 2017-இல் காஜாங் வரை எம்ஆர்டி ரயில் வந்தது. ஆனால் இங்கே வந்து சேர்ந்தவர்கள் யார்? பெரும்பாலும் செராஸிலும் கோலாலம்பூரிலும் தரை வீடு கட்டுப்படியாகாமல், சொந்தமாக ஒன்று வாங்கிக் குடியேறியவர்கள். அவர்கள் உங்களுக்கு அண்டை வீட்டுக்காரர்கள் ஆவார்களே தவிர, வாடகைக்காரர்கள் ஆகமாட்டார்கள். நாட்டிங்ஹாம் பல்கலைக்கழக மாணவர்கள் இருக்கிறார்கள், உண்மை. அவர்கள் வளாகத்துக்குப் பக்கத்தில் அறை தேடுவார்கள். முழு வீடு எடுப்பவர்கள் குறைவு.

அடுத்து அந்த 12,233. இது 2022 கணக்கு, மொத்த சிலாங்கூருக்கும் சேர்த்தது. சுபாங், பெட்டாலிங் ஜெயா பங்களாக்காரர்களும் இதற்குள் அடக்கம். பத்துப் பேரில் ஒருவர் மாதம் அறுபதாயிரம் சம்பாதித்தாலே சராசரி தூக்கிக்கொள்ளும், மற்ற ஒன்பது பேருக்கு அதனால் ஒரு காசு கூடுமா? ஆகவே நடுநிலை வருமானத்தைப் பாருங்கள்: சிலாங்கூரில் அதே ஆண்டு 9,983 வெள்ளி. பாதிக் குடும்பங்கள் அதற்குக் கீழே. இன்னொன்று, இது குடும்ப வருமானம். அப்பா, அம்மா, வேலைக்குப் போகும் மகன், மகள் எல்லாருடைய சம்பளமும் ஒரே கணக்கில் விழும். உங்கள் 7,200 சிலாங்கூர் நடுநிலைக்குக் கீழே, ஆனால் நாட்டின் அந்த ஆண்டு நடுநிலையான 6,338-க்கு மேலே. நீங்கள் ஏழைக் குடும்பம் இல்லை. அந்த வீடுதான் உங்களுக்குப் பெரியது: ஆண்டு வருமானம் 86,400, விலை அதைப்போல் ஐந்தரை மடங்கு. மூன்று மடங்குக்குள் இருந்தால்தான் கட்டுப்படியாகும் விலை என்பது பொதுவாக ஏற்றுக்கொண்ட அளவு.

ஏஜென்ட் சொல்லாமல் விட்டது, எத்தனை வீடு காலியாக இருக்கிறது என்பது. ஒரு வேலை நாளில் இரவு எட்டரை மணிக்கு, பக்கத்தில் கட்டி முடித்துச் சாவி கொடுத்த தாமானுக்கு மோட்டார் சைக்கிளில் போங்கள். ஒரே ஒரு சாலையில் எத்தனை வீட்டில் விளக்கு எரிகிறது, எத்தனை கேட்டில் 'வாடகைக்கு' அட்டை தொங்குகிறது, எந்தத் தபால்பெட்டி விளம்பரத் தாளால் பிதுங்குகிறது என்று எண்ணுங்கள். பிறகு இணையத்தில் அதே தாமானின் வாடகை விளம்பரங்களைத் தேடுங்கள். ஒரே வீடு பல வாரமாக ஏறியிருந்து, விலை குறைந்துகொண்டே வந்தால் 1,500 என்பது ஏஜென்டின் ஆசை.

சரி, 1,500 கிடைக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். கடன் 432,000, வட்டி 4 விழுக்காடு, 35 ஆண்டு: மாதத் தவணை 1,913 வெள்ளி. மாதம் 413 வெள்ளி கையிலிருந்து போகும். பராமரிப்புக் கட்டணம், மதிப்பீட்டு வரி, நிலவரி, வீடு காலியாகக் கிடக்கும் மாதங்கள் எல்லாம் அதற்கு மேல். வட்டி ஒரு விழுக்காடு ஏறினால் தவணை 2,180. 2022-க்கும் 2023-க்கும் இடையில் மத்திய வங்கியின் அடிப்படை வட்டியான ஓபிஆர் 1.75-இலிருந்து 3 விழுக்காட்டுக்கு ஏறியதை மறந்திருக்க மாட்டீர்கள். வீடு கட்டி முடிய இரண்டு ஆண்டு பிடிக்கும். அதுவரை வாடகையே இல்லை, வங்கி பணம் விடுவிக்க விடுவிக்க வட்டி மட்டும் ஓடும். கார், பிடிபிடிஎன் எல்லாம் சேர்த்தால் கைக்கு வரும் சம்பளத்தில் 46 விழுக்காடு கடனுக்கே. நட்டம் என்று விற்கப் பார்த்தாலும் சுலபமில்லை. இலாபம் வந்தால் முதல் மூன்று ஆண்டில் அதில் 30 விழுக்காடு சொத்து இலாப வரி.

அம்மாவின் பணத்தைத் தொடாதீர்கள். இந்த இடத்தில் எனக்குப் பிடிவாதம் உண்டு. தோட்டத்து லயத்து வீட்டில் வேலை போனால் கூரையும் போகும். அப்படி வாழ்ந்தவருடைய கையில் மிச்சம் இருப்பது அந்த 60,000 ஒன்றுதான். சேமநிதியிலேயே விட்டால் நூறு வயது வரை லாப ஈவு கிடைக்கும். 2024-இல் வழக்கமான கணக்குக்கு 6.3 விழுக்காடு கொடுத்தார்கள், 60,000-க்கு ஆண்டுக்கு 3,780. அதாவது மாதம் 315 வெள்ளி உள்ளே வரும். ஏஜென்டின் வீடு மாதம் 413-ஐ வெளியே எடுக்கும்.

இப்போது மாற்று வழி. முதல் வீடு என்ற சலுகை உங்களுக்கு ஒரே ஒரு முறைதான். 5 லட்சம் வெள்ளி வரை உள்ள முதல் வீட்டுக்கு முத்திரை வரி விலக்கு. 480,000 வீட்டில் அது 10,760 வெள்ளி. அதை வாடகை வீட்டில் தீர்த்துவிட்டு நீங்கள் இன்னொருவர் அடுக்குமாடியில் வாடகை கட்டிக்கொண்டிருப்பது எனக்குப் புரியவில்லை. குடியிருக்க வாங்குங்கள். மாநில அரசின் மலிவு வீட்டுத் திட்டமான ரூமா சிலாங்கூர்கூவில் 250,000 வெள்ளிக்குள் வீடு வருகிறது. மாநில வீடமைப்பு வாரியத்தில் பதிந்து வையுங்கள். அது கிடைக்கத் தாமதமானால், அதே விலையில் பழைய ஒற்றை மாடி வீடு பாருங்கள். கடன் 225,000 என்றால் தவணை ஏறக்குறைய 1,000 வெள்ளி, நீங்கள் இப்போது கட்டும் 600 அதற்குள் போய்விடும். மொத்தக் கடன் சம்பளத்தில் 31 விழுக்காடு. முன்பணம் 25,000-க்கு உங்கள் இருவருடைய சேமநிதியிலும் செஜாத்ரா என்ற உட்கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று முதலில் பாருங்கள். வீடு வாங்க அதிலிருந்து எடுக்கலாம். வீடு பழையது என்றால் கூரை, ஒயரிங், குழாய் மூன்றையும் ஒரு ஆளை வைத்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட வேண்டாம்.

அந்த 1,000 வெள்ளியைக் கட்டாதீர்கள். விற்பனை ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன்பு 'முன்பதிவு' என்று எந்தப் பெயரிலும் பணம் வாங்க வீடமைப்புச் சட்ட விதிகள் மேம்பாட்டாளருக்கு அனுமதி தரவில்லை. ஏற்கெனவே கட்டிவிட்டிருந்தால், ரசீதோடு எழுத்துப்பூர்வமாகத் திரும்பக் கேளுங்கள்.